ஏழு பெட்டித் தேனீ

செப்டம்பர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி இன்னும் விலகாத காலையில், ஜெனோனாஸ் தன்னிடமிருந்த ஏழு தேனீப் பெட்டிகளையும் ரிம்விதாஸுக்குக் கொடுத்தான்.

பெர்ஜூனை ஊரில் தேனீயை யாரும் விற்பதில்லை. மாட்டை விற்பார்கள், காட்டை விற்பார்கள், அப்பன் கட்டிய வீட்டைக்கூடத் தலைநகரத்து வில்னியஸ்காரனுக்கு விற்றுவிடுவார்கள். தேனீயைக் கொடுக்க மட்டும்தான் செய்வார்கள். கொடுத்தவனும் பெற்றவனும் அன்று முதல் பங்காளிகள். பெறுகிறவன் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் பூச்சி தங்காது. ஏன் கொடுக்கிறாய் என்றும் கேட்கக் கூடாது, அது கொடுத்தவனைச் சந்தேகப்பட்ட மாதிரி. திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அப்படி ஒருவனும் செய்ததில்லை.

ரிம்விதாஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. மரம் அறுக்கும் பட்டறையில் இருந்தான், பட்டறை மூடிய பிறகு உருளைக்கிழங்கும் இரண்டு பன்றியுமாக வண்டி ஓடியது. அவனுடைய நான்கு பெட்டித் தேனீயும் போன குளிர்காலத்தில் இறந்துபோயின. பக்கத்துப் பெரிய பண்ணையின் கடுகு வயலில் அடித்த மருந்துதான் காரணம் என்று கடை, தபால் ஆபீஸ், கோயில் வாசல் என்று எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருந்தான். ஜெனோனாஸின் பெட்டிகள்மேல் அவனுக்குப் பதினைந்து வருஷமாகக் கண். கொட்டாத பூச்சி. அள்ள அள்ளத் தேன்.

"மெதுவா, மெதுவா. உருளைக்கிழங்கு மூட்டையா அது?" என்றான் ஜெனோனாஸ். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வாசல் துளைகளில் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே ஆழத்திலிருந்து ஒரே சுருதியில் ரீங்காரம்.

"உன் பக்கம்தான்யா சாயுது. பால் லாரியில உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு முதுகே இல்லாமப் போச்சு."

"முதுகு இருக்கு. முட்டிதான் போச்சு, பங்காளி."

பங்காளி. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ரிம்விதாஸுக்கு முகமெல்லாம் சூடானது. குனிந்து கயிற்றைச் சரிபார்க்கிற மாதிரி பாவனை செய்தான்.

இரண்டு பெட்டி தருவான் என்றுதான் நினைத்து வந்திருந்தான். மூன்றாவதையும் தூக்கினார்கள். நான்காவதையும். ஏழாவதை டிரெய்லரில் ஏற்றியபோது ஆப்பிள் மரங்களுக்குக் கீழே ஏழு சதுரமாகப் புல் வெளுத்துக் கிடந்தது. ஜெனோனாஸ் கொட்டகைக்குப் போய், பூச்சியை அடக்கும் புகைப்போணியையும், வலை வைத்த தொப்பியையும், தேனடை சீவும் கத்தியையும், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்து காரின் முன்சீட்டில் வைத்தான்.

"தொப்பி எதுக்கு? நீ பார்க்க வரும்போது உனக்கு வேணாமா?"

"வச்சுக்க."

அந்த இடத்தில் ரிம்விதாஸ் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இவன் மனசு மாறிவிடுவானோ என்ற பயம் அவனுக்கு. கயிற்றை அவசர அவசரமாக இறுக்கினான். காப்பி குடிச்சிட்டுப் போ என்று ஜெனோனாஸ் சொன்னதற்கு, வெயில் ஏறினால் பூச்சி தவிக்கும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். பின்கண்ணாடியில் ஜெனோனாஸ் சுவரோரம் நின்று கை காட்டியது தெரிந்தது. ரிம்விதாஸ் ஹாரன் அடித்தான்.

இரண்டு கிலோமீட்டர் சரளைச் சாலை. வீட்டுக்கு வந்து பெட்டிகளைத் தன் பிளம் மரங்களுக்குக் கீழே வரிசையாக இறக்கி, பஞ்சை எடுத்துவிட்டான். பூச்சிகள் வெளியே வந்து, முகத்தைப் பெட்டிப் பக்கமே வைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் பறந்து புது இடத்தைப் பழகிக்கொண்டன. அவன் விசிலடித்துக்கொண்டு பன்றிக்குத் தீவனம் கலக்கப் போனான்.

அவன் மனைவி ஆல்தோனா பள்ளிக்கூடச் சமையல்காரி. இரண்டு மணிக்கு மிச்சக் கஞ்சி வாளியோடு சைக்கிளில் வந்தவள் பிளம் மரங்களைப் பார்த்து இறங்கினாள்.

"எத்தனை பெட்டி, மனுசா?"

"எண்ணிப் பாரேன். ஏழு!"

"ஏழா? அவன்கிட்ட மொத்தம் எத்தனை இருந்துச்சு?"

"ஏழு."

ஆல்தோனா வாளியைக் கீழே வைத்தாள். "அப்போ தனக்குன்னு ஒண்ணுகூட வச்சுக்கலையா?"

"முட்டி வலியாம். எப்படித் தூக்குவான்? பொண்டாட்டி நார்வேயில பொண்ணுகூட, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிட்டு. குடிச்சிட்டு ஓட்டினான்னு லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. பால் லாரி வேலையும் போச்சு. வீட்டுல ஒத்த ஆளு..."

"வரிசையாச் சொல்றியே, நீ சொல்றது உன் காதுல விழுதா?"

"என்ன விழணும்?"

அவள் உள்ளே போய், மேஜைமேல் கிடந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பழைய பக்கங்களெல்லாம் கிறுக்கல். கடைசி நான்கு பக்கம் மட்டும் புது மையில், பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோலத் திருத்தமான எழுத்து. சத்தமாகவே படித்தாள்.

"'மார்ச் கடைசியில் பனி உருகியதும் முதலில் இரண்டாம் பெட்டியைத் திற. மூன்றாம் பெட்டி ராணி கிழவி. மே மாதம் மாற்று. ஐந்தாம் பெட்டிக்காரிகளுக்கு ஈரமான நாளில் கோபம் வரும், அவர்கள்மேல் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் சர்க்கரைப் பாகு கொடுத்தாகிவிட்டது. குளிர்காலத்துக்கு நீ எதுவும் செய்ய வேண்டாம்.'" நிறுத்தினாள். "ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன், அடுத்த மார்ச்சுல வந்து வாயால சொல்ல மாட்டானா? எதுக்கு எழுதி வைக்கணும்?"

ரிம்விதாஸ் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

ஜன்னல் திட்டில் தக்காளி விதை காயப்போட்ட ஒரு தாள் கிடந்தது. ஆல்தோனா அதை எடுத்து வந்து நகத்தால் விதைகளைச் சுரண்டினாள். போன மார்ச்சில் ஊர் நூலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நகரத்திலிருந்து ஒரு மனநல ஆலோசகர், சின்னப் பெண், வந்து இரண்டு மணி நேரம் பேசினாள். தற்கொலை எண்ணத்தில் இருக்கிறவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் கேட்பது, எங்கே அழைத்துப் போவது என்று. கேக்கும் காப்பியும் உண்டு என்பதால் பன்னிரண்டு பேர் போயிருந்தார்கள். அங்கே கொடுத்த தாள் அது.

"இந்தா. 'மிகவும் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது.'"

"அது மோதிரம், கைக்கடிகாரம் மாதிரி. தேனீ வேற. தேனீ கொடுக்கிறது நம்ம வழக்கம்."

"தொப்பி கொடுக்கிறதும் வழக்கமா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. அந்தப் பெண், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா, கேட்க வேண்டுமா என்று கேட்டபோது நூலகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவனுக்குத் தாங்கவில்லை. "இங்க யாரும் அவசரப்படறதில்லைம்மா, பாட்டில் பாட்டிலா நிதானமாத்தான் சாகறோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் மரியாதைக்குச் சிரித்தாள். ஜெனோனாஸ் கணப்பு அடுப்போரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்தானா என்று இப்போது யோசித்துப் பார்த்தால் தெரியவில்லை.

"நான் போய் என்னன்னு கேட்கறது?" என்றான் ரிம்விதாஸ். "ஒண்ணுமில்லன்னா எவ்வளவு அசிங்கம்? கொடுத்த கையைச் சந்தேகப்பட்டேன்னு ஊரே பேசும்."

"ஒண்ணு இருந்துச்சுன்னா?"

"நாமளே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

"கேட்டா அந்த எண்ணம் புதுசா வராதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே. நீ கேக்குலயே கண்ணா இருந்தே, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்." ஆல்தோனா குரலை இறக்கினாள். "லியோனாஸ்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

அந்தப் பெயர் அந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக எழுந்ததில்லை. லியோனாஸ் அவனுடைய அண்ணன். அண்ணனைக் கண்டெடுத்ததும் இவன்தான், பாதிரியாரிடம் போய் 'இதயம் நின்றுவிட்டது' என்று சொன்னதும் இவன்தான். சுவரில் ஒட்டிய மரண அறிவிப்பிலும் அப்படித்தான் அச்சடித்தார்கள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் இதயம். சொல்லிச் சொல்லி, சில நாட்களில் அவனுக்கே அது உண்மையாக இருந்தது.

ரிம்விதாஸ் தாளை வாங்கி மடித்தான். விதைகள் உதிர்ந்தன.

"பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோயிடட்டுமா?"

"பகல்ல எப்படி? பாதிப் பூச்சி வெளியில மேயுது. நீ மட்டும் போ. ரொட்டி எடுத்துட்டுப் போ, புதுப் பங்காளி ரொட்டியோட வர்றதுல தப்பில்லை. நான் டாக்டரம்மா ஆபீஸுக்குப் போன் போடறேன்."

போகிற வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினான். ஒரு தடவை திரும்பிவிடலாம் என்று ரிவர்ஸ்கூடப் போட்டான். பின்னால் டிராக்டர் வந்ததால்தான் முன்னே போனான். இதை அவன் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

ஜெனோனாஸ் வீட்டுத் தரை ஈரமாக இருந்தது. திரைச்சீலைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தான். பாத்திரங்களெல்லாம் அலமாரிக்குள், ஒரே ஒரு தட்டும் ஒரே ஒரு கோப்பையும் மட்டும் வெளியே. அறுபத்தொரு வயது ஆம்பளை தனியாக இருக்கிற வீடு இவ்வளவு சுத்தமாக இருந்து ரிம்விதாஸ் பார்த்ததில்லை.

"என்னய்யா, அதுக்குள்ள பூச்சி ஓடிப்போச்சா?"

"ரொட்டி கொண்டாந்தேன்." மேஜைமேல் வைத்தான். "நாய் எங்க?"

"தனியா இருக்கிற ஸ்தாசே அக்காகிட்ட விட்டுட்டேன். அக்காவுக்கும் பேச்சுத்துணை வேணும்ல."

ஜெனோனாஸ் ஒரு வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, தேன் தடவி அவன் பக்கம் தள்ளினான். இந்த வருஷத் தேன். ரிம்விதாஸ் கடித்தான்.

"பங்காளி, என் பூச்சி மருந்தடிச்சதுல சாகல."

"உஷ். தேனீ செத்துச்சுன்னு சொல்லாதே. காலமாச்சுன்னு சொல்லு."

"சரி, காலமாச்சு. கடுகு வயல் மருந்துல இல்ல. போன வருஷம் ஆகஸ்ட்ல, பூச்சியில ஒட்டற உண்ணிக்கு மருந்துப் பட்டை வச்சிருக்கணும். வாங்கி வச்சிருந்தேன். இன்னைக்கு வைக்கலாம், நாளைக்கு வைக்கலாம்னு விட்டுட்டேன். டப்பா இன்னும் பிரிக்காம கொட்டகையில கிடக்கு. பண்ணைக்காரன்மேல பழியைப் போட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் பெட்டியைத் திறந்து பார்த்தேனே. அடியில உண்ணியாக் கொட்டிக் கிடந்துச்சு. குருடனுக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கொடுத்தே? நான் உன்னுதையும் கொன்னுட்டா?"

ஜெனோனாஸ் தோளைக் குலுக்கினான். "அதான் எழுதி வச்சிருக்கேனே. பட்டை வச்சாச்சு. பாகு ஊத்தியாச்சு. வசந்தம் வரைக்கும் நீ தொட வேண்டியதில்ல."

வெளியே கொடியில் திரைச்சீலை படபடத்தது. ரிம்விதாஸ் மேஜையின் பூப்போட்ட ரப்பர் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் எரிந்தது.

"ஒண்ணு கேட்கணும். தப்பா இருந்தா பூட்ஸால அடி."

"கேளு. பூட்ஸு கழட்ட நேரமாகும்."

"நீ உன்னையே முடிச்சுக்கணும்னு நினைக்கிறியா?"

எழுதி வைத்துக்கொண்டு படித்தது போல வந்தது. குரல் அவனுடையது மாதிரியே இல்லை. ஜெனோனாஸ் கத்தியைத் துணியில் துடைத்தான். துடைத்த கத்தியை மறுபடி துடைத்தான்.

"பரவால்ல, நீ ஒருத்தனாவது கேட்டுட்டே," என்றான். "ஸ்தாசே அக்கா நாயை வாங்கிட்டு, 'என்ன சாப்பிடும்?'னு கேட்டா. மீன் வலையை வாங்கினவன் ஓட்டை இருக்கான்னு பார்த்தான். நீ கயித்தை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடினே. காப்பிகூடக் குடிக்கல."

"நீ மனசு மாறிடுவியோன்னு பயந்தேன்."

"நான் காப்பி போட்டு வச்சிருந்தேன்யா."

ரிம்விதாஸ் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டான்.

"எப்போன்னு வச்சிருக்கே?"

"இந்த வாரத்துக்குள்ள."

"எதனால?"

"எதனாலன்னு தெரிஞ்சா சரி பண்ணியிருக்க மாட்டேனா? லாரி ஒண்ணையே முப்பது வருஷம் பிரிச்சு மாட்டினவன் நான். காலையில கண்ணு முழிச்சா நெஞ்சுமேல ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி இருக்கு. சாயங்காலம் வரைக்கும் அப்படியே. பொண்ணு போன் பண்ணா, நல்லா இருக்கேன்னு சொல்றேன். சொல்லி முடிச்சதும் இன்னும் கனக்குது." நிமிர்ந்து பார்த்தான். "நூலகத்துல அந்தப் பொண்ணு கேட்டப்போ நான் கை தூக்கலாம்னு இருந்தேன். கை இவ்வளவு தூரம் வந்துச்சு. நீ அந்த ஜோக்கை அடிச்சே."

ரிம்விதாஸுக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல இருந்தது. வெள்ளரிக்காயிலிருந்து தேன் வழிந்து விரலில் ஒட்டியது. லியோனாஸைப் பற்றிச் சொல்லிவிடலாம், அதுதான் இப்போது நேர்மை என்று நினைத்தான். வாய் திறந்தான். வரவில்லை. தேனீ விஷயத்தைச் சொல்லத் தெரிந்த வாய், அண்ணன் விஷயத்தில் பூட்டிக்கொண்டது.

"நான் ஒரு கழுதை" என்று மட்டும் சொன்னான்.

"அது ஊருக்கே தெரியும்" என்றான் ஜெனோனாஸ். கொஞ்சம் சிரித்தான். பிறகு முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. ரிம்விதாஸ் அவனைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல், ரொட்டியை எடுத்து வெட்ட ஆரம்பித்தான். முழு ரொட்டியையும் வெட்டித் தீர்த்தான்.

"இந்த வீட்டுல இருந்து நான் எதை எடுத்துட்டுப் போகணும், சொல்லு," என்றான் கடைசியில். அவன் கைக்கு எட்டக் கூடாததை அப்படிக் கேட்டு வாங்கிவிடும்படி தாளில் சொல்லியிருந்தது.

ஜெனோனாஸ் ரொட்டித் துண்டுகளை ஒன்றொன்றாக அடுக்கினான். பிறகு பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து வெட்டிய ரொட்டிக்கு நடுவில் வைத்தான். ரிம்விதாஸ் எதன் சாவி என்று கேட்காமல் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினான்.

அப்புறம் தாளிலிருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டார்கள். கடைசி இரண்டு இலக்கத்தின்மேல் விதைத்தோல் ஒட்டியிருந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது. மறுமுனையில் ஒரு ஆண் குரல், நிதானமான குரல். ஜெனோனாஸ் போனை வாங்கிக்கொண்டு, வெளுத்த ஏழு சதுரங்களுக்கு நடுவில் நடந்துகொண்டே பேசினான். முக்கால் மணி நேரம். ரிம்விதாஸ் ஜன்னல் வழியே அவனைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு உரித்தான். இரண்டு பேருக்கு எட்டுப் பேர் சாப்பிடுகிற அளவு உரித்துவிட்டான்.

"இன்னைக்குத் தனியா இருக்காதேங்கிறார். நிலைமை மோசமாச்சுன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமாம். நாளைக்குக் காலையில மனநல நிலையத்துக்குப் போகச் சொல்றார். டாக்டர் சீட்டு கீட்டு எதுவும் வேணாமாம்," என்றான் ஜெனோனாஸ் உள்ளே வந்து.

"ஆல்தோனாவும் டாக்டரம்மாகிட்டப் பேசியிருப்பா. நான் இங்கேயே படுத்துக்கறேன்."

"நீ குறட்டை விடுவே."

"நல்லா விடுவேன்."

"பொண்டாட்டிக்கு நானே போன் பண்ணணும்," என்றான் ஜெனோனாஸ், தட்டைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்கு."

"இன்னைக்கே பண்ணு. நான் வெளியில போய் நிக்கறேன்."

புதன்கிழமை பத்து மணிக்கு நகரத்து மருத்துவமனையின் இரண்டாவது மாடி. ஒரே தாழ்வாரம், ஒரே நீள பெஞ்சு. பன்னிரண்டாம் எண் கதவு இதய மருத்துவர், பதினான்கு மனநலம். ஜெனோனாஸ் பதினான்குக்குள் போய் அரை மணி ஆகியிருந்தது. ரிம்விதாஸ் பன்னிரண்டுக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டான். செய்த பிறகுதான் ஏன் நகர்ந்தோம் என்று அவனுக்கே உறைத்தது. நகர்ந்தது நகர்ந்ததுதான், எழுந்து மாறி உட்காரவில்லை.

மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்தாசே வந்தாள். எழுபது வயது, கையில் பிளம் பழப் பை.

"அட தம்பி! நீயும் இதயத்துக்குத்தான் வந்தியா? பார்த்துக்கப்பா. உங்க குடும்பத்துக்கே அதுதான் பலவீனம். லியோனாஸும் அப்படித்தானே போனான், பாவம், நாப்பது வயசுல."

ஆமாம் அக்கா என்று சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன பதில், நாக்கு நுனியிலேயே இருந்தது. பெஞ்சில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

"இல்லக்கா" என்றான். "அண்ணனுக்கு இதயம் நல்லாத்தான் இருந்துச்சு. அவனே முடிச்சுக்கிட்டான்."

பக்கத்திலிருந்தவர் பத்திரிகையைத் திருப்புவதை நிறுத்தினார். ரிம்விதாஸ் தன் பூட்ஸைப் பார்த்தான். ஒரு பூட்ஸில் ஜெனோனாஸ் வீட்டு மண் காய்ந்திருந்தது.

ஸ்தாசே பையை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"தெரியும் தம்பி" என்றாள். "சவப்பெட்டியைத் தூக்கின ஆறு பேருக்கும் தெரியும். பாதிரியாருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். நீயாச் சொல்ற வரைக்கும் நாம கேட்கக் கூடாதுன்னு இருந்தோம்."

"இருபத்திரண்டு வருஷமாவா?"

"மரியாதைன்னு நினைச்சோம்."

அவனுக்கு வந்தது அழுகை இல்லை, வெட்கம்தான். கடை, தபால் ஆபீஸ், கோயில் வாசல் என்று இதயம் இதயம் என்று சொல்லித் திரிந்தவனுக்கு, தலையாட்டிய ஒவ்வொரு முகமும் திரும்பி வந்தது. ஸ்தாசே ஒரு பிளம் பழத்தை எடுத்துப் பாவாடையில் துடைத்து அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

பதினான்காம் எண் கதவு திறந்தது. ஜெனோனாஸ் கையில் மருந்துச் சீட்டோடு வெளியே வந்தான். முகம் கழுவியது மாதிரி இருந்தது.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை வரணுமாம்" என்றான். "நம்ம ஊருக்கு அன்னைக்கு பஸ் கிடையாது."

"கார் இருக்கு. நாளைக்குக் காலையில பனியோட வந்து மூணு பெட்டியை உன்கிட்ட இறக்கறேன். அஞ்சாம் பெட்டிக்காரிங்க எனக்கு வேணாம்."

"கொடுத்ததை யாருய்யா திருப்பிக் கொடுப்பாங்க?"

"நான் கொடுப்பேன். ஊர் பேசட்டும்."

அப்போதுதான் ஜெனோனாஸ் பெஞ்சில் இருந்த ஸ்தாசேயைக் கவனித்தான். அவள் அவனையும் கதவு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த பை சரிந்து இரண்டு பழம் தரையில் உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"உன் நாய் ரெண்டு நாளாச் சாப்பிடல, ஜெனோனாஸ்" என்றாள். "நீ அதைக் கொண்டாந்து விட்டப்பவே, ஏன்டா கொடுக்கறேன்னு நான் கேட்டிருக்கணும்."

தாழ்வாரத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனோனாஸ் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"இப்போ கேளு அக்கா" என்றான்.

ஸ்தாசே பையைத் தரையில் இறக்கி, பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டாள்.